மலை இல்லாத ஊரின் மலைக் கமிட்டி

எங்கள் தீவில் மலை கிடையாது. மேடு என்று மரியாதைக்காகச் சொல்லக்கூடியதும் கிடையாது. பாலத்தைக் கடந்து உள்ளே வந்தால் தலைமன்னார் வரைக்கும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. காற்றுக்காக இறங்கியிருக்கிறேன். ஏற்றத்துக்காக ஒருநாளும் இறங்கியதில்லை. முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். படித்திறன் என்ற சரிவுக் கணக்குப் பாடம் வரும்போது காட்டுவதற்கு ஊரில் ஒரு சரிவும் இல்லாதபடியால், மேசையின் இரண்டு கால்களுக்குக் கீழே செங்கல் வைத்துக் காட்டுவேன்.

அப்படிப்பட்ட ஊரில், நத்தார்ப் பண்டிகை கழிந்த கையோடு ஒரு மலைக் கமிட்டி பிறந்தது.

பெற்றவர் என் மனைவியின் தம்பி. கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். கந்தோர்க் கதிரையில் முப்பது வருடம் இருந்த உடம்பு இப்போது வீட்டுக் கதிரையில் இருக்கிறது. வேறு மாற்றம் இல்லை. அவரோடு முன்பு வேலை செய்த ஒருவர் மலை உச்சியில் தொப்பி போட்ட கம்பளிச் சட்டையோடு நின்று, பின்னால் சூரியன் எழும்ப, இரண்டு கைகளையும் உயர்த்தி எடுத்த படம் ஒன்று இவருடைய போனுக்கு வந்தது. சூரியனைத் தானே தூக்கிவிட்டவர் போல அந்த மனிதர் நின்றார். அதைப் பார்த்து இவருக்கும் சூரியனைத் தூக்க ஆசை வந்துவிட்டது.

மலை, சிவனொளிபாதமலை. எங்கள் கத்தோலிக்க ஆட்கள் ஆதாம் மலை என்பார்கள். முஸ்லிம் ஆட்கள் பாவாதமலை என்பார்கள். உச்சியில் ஒரு பாறை, பாறையில் ஒரு பாதம். அது யாருடைய பாதம் என்பதற்கு நாலு மதத்தாரிடமும் நாலு விடை உண்டு. ஒரு கணக்குக்கு நாலு விடை வந்தால் வகுப்பில் நான் சும்மா விட்டதில்லை. ஆனால் நாலு பேரும் சண்டை பிடிக்காமல் ஒரே படியால் ஏறி இறங்குகிறார்கள் என்று கேள்வி. அந்த மலையைப் பற்றி நான் மதிப்போடு நினைக்கிற விஷயம் அது ஒன்றுதான். படிகள் ஐயாயிரத்து ஐந்நூறு என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஏறினவர்களுக்குக் கணக்கில்லை. எண்ணினவர் ஒருவரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

கமிட்டியின் முதல் கூட்டம் மச்சினருடைய விறாந்தையில் நடந்தது. பதினொரு பேர் வந்தார்கள். இரண்டு பேருக்குச் சீனி வருத்தம், நாலு பேருக்குப் பிரஷர், ஒருவருக்கு இரண்டும். எல்லாரும் அறுபது கடந்தவர்கள். எனக்கு எழுபத்துமூன்று. மூன்று வருடத்துக்கு முன்பு கொழும்பில் என் நெஞ்சுக்குள், அடைத்த இரத்தக் குழாயைத் திறக்க, வலைக் குழாய் ஒன்று வைத்தார்கள். ஆகவே மலை ஏறுகிற பேச்சே எனக்கு இல்லை. ஒரு கூட்டம் மூடர்கள் எப்படித் திட்டம் போடுகிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன்.

"மொத்தம் ஏழு கிலோமீற்றர்தான்," என்று மச்சினர் தொடங்கினார். "எங்கட பாலம் மூண்டு கிலோமீற்றர். பாலத்தில ரெண்டு தரம் நடந்தமெண்டா மலை முடிஞ்சுது. இதுக்கேன் பயப்பிடோணும்?"

பதினொரு தலைகளும் ஆடின.

"தம்பி, பாலம் படுத்துக் கிடக்குது," என்றேன். "மலை எழும்பி நிக்கிது."

"அத்தான் எப்பவும் இப்பிடித்தான். நல்ல காரியம் தொடங்கேக்க சகுனம் பாத்த மாதிரிக் கதைப்பார்."

"மாஸ்டர் சொல்றதிலயும் ஒரு பொயின்ற் இருக்கு," என்றார் என் பக்கத்து வீட்டுக்காரர். முசலிப் பக்கத்து முஸ்லிம். தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். கடிதத்தைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார் என ஒரு காலத்தில் பெயர் எடுத்தவர். "ஆனா மாஸ்டர், எங்கட வாப்பா அந்தக் காலத்தில செருப்பில்லாம ஏறினவர். நாங்க சப்பாத்துப் போட்டு ஏறமாட்டமா?"

"உங்கட வாப்பாக்கு அப்ப எத்தினை வயது?"

"இருபத்திரண்டு இருக்கும்."

"அதுதான்," என்றேன். ஒருவருக்கும் விளங்கவில்லை.

நாள் குறிப்பதற்கு மட்டும் இரண்டு கூட்டம் போனது. அந்த வருடம் முஸ்லிம் ஆட்களின் நோன்பும் எங்கள் தவக்காலமும் கிட்டத்தட்ட ஒன்றாய் வந்ததால் இரண்டு பகுதியாரும் அதற்கு முன்பே போய் வரவேண்டும் என்றார்கள். பௌர்ணமிப் போயா நாளில் சனம் நெரியும், வேண்டாம் என்றார்கள். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். முதல் வாரத்தில் அதில் வந்த செய்திகள் இருநூற்று நாற்பது. அதில் காலை வணக்கம் நூற்றுப் பன்னிரண்டு. மலையைப் பற்றியவை பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதில் ஏழு, மேலே குளிக்க வெந்நீர் கிடைக்குமா என்ற ஒரே கேள்வி.

பயிற்சி என்று சொல்லிப் பாலத்தில் நடந்தார்கள். ஐந்து நாள். வரிசையாக வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனவர்களைப் பார்த்து வீதியில் படுத்திருந்த கழுதைகள்கூட எழும்பி வழிவிட்டன. ஐந்தாம் நாள், அவர்களில் ஒருவர் தபால் கந்தோர் மாடிப்படியில் ஏறி நடுவில் மூச்சு முட்டிக் குந்திவிட்டார். அப்போதுதான் கமிட்டிக்கு, நடப்பதும் ஏறுவதும் வேறுவேறு என்ற ஞானம் வந்தது. செங்கல்லும் மேசையும் வைத்து நான் முப்பத்தொரு வருடம் படிப்பித்தது அதைத்தான்.

ஏறிப் பழக ஊரில் என்ன இருக்கிறது? எங்கள் பங்குக் கோவில் மணிக்கூண்டுப் பூட்டுக்குப் பங்குச் சுவாமியார் திறப்புத் தரவில்லை. தண்ணீர்த் தாங்கியில் இருப்பது இரும்பு ஏணி. கடைசியில் மச்சினர் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார். பிரான்சில் இருக்கும் ஒருவர் கட்டிய மூன்று மாடி வீடு. ஐந்து வருடமாக ஆள் குடியில்லை. திறப்பு மச்சினரிடம். வெளிப்பக்கத்தால் மொட்டைமாடி வரைக்கும் படி போகிறது. ஐம்பத்துநாலு படிகள். நான்தான் எண்ணிச் சொன்னேன். அவர்கள் ஐம்பது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நூற்றிரண்டு தரம் ஏறோணும்," என்றேன். "அப்பதான் மலை."

"இறங்கிறதையும் எண்ணுங்கோவன் அத்தான். ஏறேக்க ஐம்பத்துநாலு, இறங்கேக்க ஐம்பத்துநாலு. அம்பது தரத்தில அலுவல் முடிஞ்சுது."

"அந்த மலையில பாதி வழி இறக்கமெண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"திரும்பி வரேக்க இறங்கிறதுதானே!"

எல்லாரும் கை தட்டினார்கள்.  ஏற்றத்தையும் இறக்கத்தையும் கூட்டி ஒரே எண்ணாக்குகிறவரோடு எதைப் பேசுவது?

இதற்குள் பெயர் கொடுத்தவர்கள் கூடிக்கொண்டு போனார்கள். முள்ளிக்குளத்தில் இருந்து ஒரு தம்பதி, பெரியமடுவில் வயல் செய்கிற ஒருவர் என்று தீவுக்கு வெளியிலிருந்தும் வந்தார்கள். பிடித்த வாடகை வானில் சாரதியை விட்டுப் பதினாலு சீற். ஆட்கள் பதினாறு. இன்னொரு வான் பிடிக்கலாம் என்றால் இரண்டு பேருக்காகவா என்றார்கள். யாரை விடுவது என்று மூன்று நாள் சண்டை நடந்தது. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் நின்றுபோனது.

தபாலதிபர்தான் வழி சொன்னார். "ஒரு சனிக்கிழமை காலைல ஆறுல இருந்து பத்து வரைக்கும் அந்தப் படியில ஏறுவம். நாப்பது தரம் ஏறினவருக்கு சீற். ஏறாதவர் மலையிலயும் ஏறமாட்டார். மாஸ்டர் கீழ இருந்து எண்ணட்டும். அவர் எண்ணினா ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது."

இந்த ஊரில் எனக்கு மிச்சமிருக்கிற மரியாதை அது ஒன்றுதான். கல்யாண வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், திருநாளில் சொரூபக் கூடு ஊரைச் சுற்றிவர எவ்வளவு நேரம் எடுத்தது என்று வாக்குவாதம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். அதனால் ஒப்புக்கொண்டேன். கூலியாக எனக்கு ஒரு இடம் என்றார்கள். மலை அடிவாரம் வரைக்கும் போய், தேநீர்க் கடையில் இருந்து, போனவர்களையும் வந்தவர்களையும் எண்ணுவதற்கு. ஆகவே மிஞ்சியது பதின்மூன்று சீற். அதில் எனக்குக் கவலை ஒன்றும் இல்லை. ஏறுகிற பதினாறு பேரில் மூன்று பேராவது விழுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அவர்களுடைய முழங்கால்களைப் பார்த்திருந்தேன்.

நான் பார்க்காமல் விட்டது பட்டியலின் கடைசி வரியை. பதினாறாவது பெயர் என் மனைவியுடையது.

"நீரோ?" என்று கேட்டேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓம்."

"உமக்கு அறுபத்தெட்டு வயது."

"தெரியும். நீங்கள்தான் ஒவ்வொரு வருசமும் சொல்றியளே."

"அங்க என்ன இருக்கெண்டு போறீர்?"

கத்தியைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள். "நான் ஏறின பெரிய உயரம் கொழும்பு ஆஸ்பத்திரியில நாலாம் மாடி. அதுவும் லிஃப்ற். உங்கட நெஞ்சுக்காக. ஒருக்கா என்ர காலால ஏறி, மேல நிண்டு கீழ பாக்கோணும்."

கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் அவள் எதையும் வேண்டும் என்று கேட்டதை நான் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நான் வாதாடவில்லை. அவளுடைய வலது முழங்கால் இருக்கிறதே, அது வாதாடும் என்று இருந்தேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு அந்த வெறும் வீட்டின் படியடியில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். கொப்பியில் பதினாறு பெயருக்குப் பதினாறு வரி. ஒவ்வொருவர் மேலே போய்க் கை காட்டும்போதும் ஒரு கோடு. ஐந்தாவது கோட்டை நாலுக்கும் குறுக்கே இழுத்துக் கட்டுவேன். முதல் அரை மணித்தியாலம் பெரிய பகிடியும் சிரிப்பும். ஏழு மணிக்குச் சிரிப்பு நின்றது. எட்டு மணிக்கு மச்சினர் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். பெரியமடுக்காரர் முப்பத்திரண்டில் படியிலேயே படுத்தார். காலைத் தடவிக்கொண்டே, "வயல்ல இப்பிடி ஒரு சாமானும் இல்லையே மாஸ்டர்," என்றார். முள்ளிக்குளத்துப் பெண்மணி இருபத்தேழில் நிறுத்தினார். அவருடைய கணவர் நாற்பத்துநாலு ஏறினார். மனைவிக்காக அவர் நிற்கவில்லை என்பதையும் நான் குறித்துக்கொண்டேன்.

என் மனைவி ஒருவரோடும் பேசவில்லை. ஓடவும் இல்லை, குந்தவும் இல்லை. ஒரே அளவில் போனாள், வந்தாள். ஒரு கை கைப்பிடியில், மற்றக் கை சேலைத் தலைப்புக்குள். பத்து மணி அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது நாற்பதாவது தரம் மேலே நின்று கை காட்டினாள். எட்டாவது கட்டைக் கட்டினேன். பிறகு, வேண்டாத வேலையாக, இன்னொரு தரமும் ஏறினாள்.

நாற்பத்தொன்று.

கொப்பியைப் பார்த்தேன். நாற்பதோ அதற்கு மேலோ ஏறியவர்கள் பதினாலு பேர். என்னோடு பதினைந்து. வானில் பதினாலு. மற்றப் பதின்மூன்று பேரும் ஏறிக் காட்டியவர்கள். ஒரு படிகூட ஏறாதவன் நான் மட்டும். இந்தக் கணக்கின் விடை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்: நான் இறங்க வேண்டும், அவள் போக வேண்டும். அந்தக் குளிரில், இந்த மூடர்களோடு, அந்த முழங்காலோடு, நான் இல்லாமல்.

எல்லாருக்கும் வாசிக்கவென்று நல்ல தாளில் பிரதி எழுதினேன். அவளுடைய வரி வந்தபோது முப்பத்தாறு என்று எழுதினேன்.

வாசித்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. தபாலதிபர் மட்டும், "சே, தங்கச்சி இன்னும் கூட ஏறின மாதிரி இருந்திச்சே," என்றார். பிறகு தானே, "மாஸ்டர் எண்ணினா எண்ணினதுதான்," என்றார். என் மனைவி தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

திட்டம் எனக்கு முழுதாக இருந்தது. புறப்படும் நாளில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நானும் நின்றுவிடுவது. பதின்மூன்று பேர் போகட்டும், மூச்சு முட்டட்டும், வெந்நீர் தேடட்டும். நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு, நான் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கையில், அவள் செபமாலையை மேசையில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ. நான் ஒவ்வொரு தரமும் மேல போனவுடன ஒரு மணி தள்ளினனான். பத்துப் பத்து மணியா நாலு தரம். பிறகு ஒண்டு. நாப்பத்தொண்டு."

அந்தக் கை சேலைத் தலைப்புக்குள் என்ன செய்தது என்று நான் யோசித்திருக்கவில்லை. "ரெண்டு மணி சேர்ந்து போயிருக்கும்," என்றேன்.

"அம்பத்தெட்டு வருசமா உருட்டிற மணி. என்ர விரலுக்குத் தெரியும்."

நான் கஞ்சியைப் பார்த்தேன்.

"பரவாயில்லை," என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. "உங்களுக்கும் வயது போட்டுது. பதினாறு பேரை நாலு மணித்தியாலம் எண்ணிறதெண்டாச் சும்மாவே? வெயில், கண்ணாடியும் பழசு. தம்பியிட்ட நான் சொல்றன், அத்தானுக்கு எண்ணிக்கை பிழைச்சுப் போச்செண்டு. ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டினம்."

அன்று முழுவதும் நான் விறாந்தையில் இருந்தேன். அவள் விட்ட வழி நல்ல வழி. ஒரு பெண் தன் கணவனுக்கு விடக்கூடிய ஆகப் பெரிய தயவு அது. பேசாமல் இருந்தால் போதும். அவளுக்குச் சீற், எனக்கு வயது. ஆனால் நாளையிலிருந்து, பாவம், கிழவருக்கு இப்ப எண்ண ஏலாது என்று ஊர் சொல்லும். சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பின்னால் நின்று இன்னொருவர் திரும்ப எண்ணுவார். பொய்யன் என்று சொன்னால் தாங்குவேன். பொய்யர்கள் இந்த ஊரில் மரியாதையாகத்தான் வாழ்கிறார்கள். பெயர் சொல்லத் தொடங்கினால் இந்தத் தாள் போதாது. பிழையாக எண்ணுகிறவன் என்று சொல்ல நான் ஒருவரையும் விடமாட்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் கமிட்டியின் கடைசிக் கூட்டம். எல்லாரும் வந்திருந்தார்கள். என் மனைவி பின்வரிசையில். அவள் தம்பியோடு பேச எழுந்திருப்பதற்குள் நான் எழுந்து, படியடியில் எழுதிய கொப்பியை மேசையில் விரித்தேன்.

"இதுதான் அசல். இந்த வரியை எண்ணுங்கோ. எட்டுக் கட்டு, ஒரு கோடு. நாப்பத்தொண்டு. நான் சரியாத்தான் எண்ணினனான். பிரதி எழுதேக்க முப்பத்தாறெண்டு எழுதினனான். தெரிஞ்சுதான் எழுதினனான்."

தபாலதிபர் கண்ணாடியைப் போட்டு, விரலால் ஒவ்வொரு கட்டாகத் தொட்டு எண்ணினார். மச்சினருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை அவருடைய கல்யாணத்தன்றும் நான் பார்க்கவில்லை.

"அத்தான், நீங்கள் பொய் சொன்னனீங்களோ? நீங்களோ? கடவுளே, இதுக்காகவே மலை ஏறலாம்!"

"சிரியும்," என்றேன். "ஏறினதையும் இறங்கினதையும் கூட்டிற ஆளுக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை."

"ஏன் மாஸ்டர் இப்பிடிச் செய்தீங்க?" என்று தபாலதிபர் கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

"பயம்," என்றேன். வேறு சொல் தேடினேன், அகப்படவில்லை.

 பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பதினைந்து பேர், பதினாலு சீற், யாரை இறக்குவது, ஒருவரை மடியில் இருத்தலாமா, சாரதிக்குப் பக்கத்தில் சின்ன மர வாங்கு போடலாமா என்று. பெரியமடுக்காரர், தனக்கும் அந்தக் கொப்பியில் கூட இருக்கிறதா என்று ஒருதரம் பார்க்கச் சொன்னார். முப்பத்திரண்டுதான் இருந்தது.

"எனக்காக ஒருத்தரையும் இறக்க வேண்டாம்," என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "அவற்ற சீற் இருக்கு. அவர் வீட்டில நிக்கட்டும்."

விறாந்தை முழுவதும் சிரித்தது. பிரஷர்காரர்கள் நாலு பேரும் சிரித்தார்கள், சீனிக்காரர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள், இரண்டும் உள்ளவர் இருமி இருமிச் சிரித்தார். மச்சினர் பட்டியலை எடுத்து என் பெயரை வெட்ட வந்தார். அவருடைய கையெழுத்துக் கோழி கிளறினது போல இருக்கும். தாளைப் பிடுங்கி நானே வெட்டி, அந்த இடத்தில் அவளுடைய பெயரை நானே எழுதினேன்.

வீட்டுக்கு நடந்தோம். காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. அவள் என்னைவிட இரண்டு எட்டு முன்னால் போனாள். வளைவு தாண்டிய பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"ஒண்டு கேக்கிறன். ரெண்டைக் குறைச்சிருந்தாலே நான் வெளியிலதானே. ஏன் அஞ்சைக் குறைச்சனீங்கள்?"

"முப்பத்தொன்பதெண்டா, ஐயோ பாவம், ஒண்டுதானே குறையுது எண்டு சேர்த்திருப்பாங்கள். விசர்க் கூட்டம்."

அவள் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருடத்தில் அந்தப் பார்வையை நான் முதல்தரமாகப் பார்த்தேன். எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

"அப்ப நல்லா யோசிச்சுத்தான் செய்திருக்கிறியள்."

"ஓம்."

வீட்டுப் படலைக்கு வந்தோம். படலையைத் திறந்துகொண்டே சொன்னாள். "அலுமாரிக்கு மேல இருக்கிற சூட்கேசை இறக்கித் தாங்கோ. நீங்கள் ஆஸ்பத்திரியில போட்ட கம்பளிச் சட்டை அதுக்கதான் கிடக்கு. நாளைக்கு வெயில்ல போடோணும்."

இறக்கிக் கொடுத்தேன்.